பழக்கத்துக்குத் தந்த விலை

எழுபத்தேழாம் வருடம், மழை முடிந்து பனி இறங்க ஆரம்பித்த சமயம். மூணாறை அடுத்த மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு டீ எஸ்டேட் ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மலையாளம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் சிரித்தால், என் பேச்சு அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று என்று எடுத்துக்கொள்வேன்.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. கை சும்மா இருக்காது. எங்காவது ஒரு திருகாணி கொஞ்சம் ஆடினால் அதை முறுக்கிவிட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். நன்றாக ஓடுகிற சுவர்க் கடிகாரத்தை, இன்னும் நன்றாக ஓடட்டும் என்று பிரித்துப் போட்டு, ஒரு வாரம் ஃபேக்டரி முழுவதையும் மணி தெரியாமல் அலைய விட்டிருக்கிறேன். உட்காரச் சொன்னால் நிற்பேன், நிற்கச் சொன்னால் நடப்பேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளை நம்பித்தான் நான் மலையேறினேன். அத்தானுக்கு வேலை வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப்பில். மார்க்கர் என்று சொல்வார்கள். பில்லியர்ட்ஸ் மேசைப் பக்கத்தில் நின்று, ஆடுகிறவர்களுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும், பந்தை எடுத்து வைக்க வேண்டும், கேட்டபோது சோடா உடைத்துக் கொடுக்க வேண்டும். முந்தின வருடம் ஆடி மழையில் நெஞ்சில் சளி கட்டி, நான்கே நாளில் போய்விட்டார். கிளப்பைப் பெருக்கித் துடைக்கிற வேலையை அக்காவுக்குக் கொடுத்து, பின்னால் இருந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொள்ளச் சொன்னார்கள். பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள் அவளுக்கு.

அந்த வருடத்தில்தான் எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்த துரைமார்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். கிளப்பை மூடப் போவதாகவும், கட்டடத்தை வேறு யாரோ எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அக்காவுக்கு மாதக் கடைசி வரை தவணை. அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும்.

அக்காவுக்கு இது புதிதில்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் நான்கு இடம் மாறியிருந்தாள். துரை மாறினால் இடம் மாறும், வேலை மாறினால் இடம் மாறும். ஒவ்வொரு தடவையும் புது அடுப்பு போட்டு, அது காய்ந்து பழகுவதற்குள் பிடுங்கிக்கொண்டு கிளம்புவாள். போடிக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. சின்ன வீடுதான், மழையில் ஒரு மூலை ஒழுகும் என்று அவளே சொன்னாள். ஆனாலும், “ஒருத்தன் வந்து காலி பண்ணுன்னு சொல்ல முடியாதுல்லா” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். அத்தான் போனபிறகு வந்த பணத்தையும் கையில் இருந்த நகையையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டு விலையில் பாதிதான் தேறியது.

மீதிப் பாதிக்கு வழி கிளப்பின் வராந்தாவில் இருந்தது. எங்களுக்குத்தான் அது தெரியாது.

கிளப்பில் ஒரு விளையாட்டுப் பெட்டி உண்டு. இடுப்பு உயர மரப்பெட்டி, மேலே கண்ணாடி. கண்ணாடிக்குள் சின்னச் சின்ன ஈய பொம்மைகள் இரண்டு கட்சியாக நிற்கும். கால்பந்து ஆட்டம். இங்கிலாந்துப் பென்னிக் காசு ஒன்றைத் துளையில் போட்டால் ஒரு பந்து உருண்டு வரும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கைப்பிடியை அழுத்தினால் பொம்மைகள் காலைத் தூக்கி உதைக்கும். ஒரு காலத்தில் துரைகளின் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று சண்டை போடுவார்களாம். பிறகு பிள்ளைகள் படிக்கப் போய்விட, யாரும் தொடாமல் வராந்தா மூலையில் கிடந்தது. அதில் அவ்வப்போது மாட்டிக்கொள்ளும் பந்தை எடுத்துவிடுவது அத்தானின் வேலை. அதனாலோ என்னவோ, கடைசியாகக் கிளம்பின செகரட்டரித் துரை, அந்தப் பெட்டி மார்க்கரின் மனைவிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, விறகுக்காவது ஆகும் என்றாள்.

கிளப் சாமான்களை வாங்கக் கொச்சியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அறுபது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிற மனுஷர். பில்லியர்ட்ஸ் மேசையைக் கழற்ற ஆள் வேண்டும் என்றதால் நான் போனேன். அதன் மேல்பலகை முழுக்க ஸ்லேட்டுக் கல். உடையாமல் இறக்க அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளும் நான் அவரோடு மலையாளம் பேசித் தீர்த்தேன். எங்கள் ஊர், எங்கள் ஃபேக்டரி, எந்த மிஷின் எப்படி ஓடும் என்று ஒன்று விடவில்லை. அவரும் பொறுமையாக ‘ஆங், ஆங்’ என்று கேட்டுக்கொண்டார்.

எல்லாம் ஏற்றி முடித்துக் கிளம்பும்போதுதான் வராந்தா மூலையில் அந்தப் பெட்டியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே பொம்மைகளின் சட்டைச் சாயம் வெளுத்திருந்ததை உற்றுப் பார்த்து நாக்கைத் தட்டினார். கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த கைப்பிடியைத் தடவி மறுபடி நாக்கைத் தட்டினார். கண்ணாடிக்கு அடியில் ஆட்ட விதிகள் அச்சடித்த அட்டை ஒன்று பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். செய்தவர்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு கறுத்துப் போயிருந்தது, அதையும் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவர் அப்படி நாக்கைத் தட்டினால், ஐயோ பாவம் என்று அர்த்தம். என்னென்ன பழுது என்று பார்க்கிறார் என நினைத்து, ஒவ்வொன்றையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு விலையைச் சொன்னார். போடி வீட்டுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதற்கு மேலேயே இருந்தது அந்தத் தொகை. இன்றைக்கு வண்டியில் இடமில்லை, அடுத்த ஞாயிறு கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். இவ்வளவு விலை எதற்கு என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது. அவர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி சொன்னார்: “நல்ல பழக்கமுண்டல்லோ. ஆ பழக்கத்தினா ஞான் விலை தருந்நது. அது களயருது, கேட்டோ.”

இதில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. நல்ல பழக்கம் இருக்கிறதல்லவா, அந்தப் பழக்கத்துக்காகத்தான் இந்த விலை, அதைக் கெடுத்துக்கொள்ளாதே. அரை நாள் பேசிப் பழகிய பழக்கம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரிங்க சார், நம்ம பழக்கம் எங்கேயும் போகாது என்று கும்பிட்டு அனுப்பினேன்.

அக்கா தேயிலைக் கொழுந்து நிறுக்கிற களத்துப் பக்கம் போயிருந்தவள் வந்தாள். விலையைக் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நெசமாத்தான் சொல்லுதியால?” என்று இரண்டு தடவை கேட்டாள். மறுநாளே போடிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்காரர், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வரை பொறுப்பதாகவும் அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் பதில் சொல்லி அனுப்பினார்.

அன்று தொடங்கியது என் அவஸ்தை. பதினைந்து நாள் என்ன செய்வது? ஃபேக்டரியில் நின்றால் பெட்டி ஞாபகம். சாப்பிட உட்கார்ந்தால் பெட்டி ஞாபகம். யோசிக்க யோசிக்க ஒரு பயம் வேறு பிடித்துக்கொண்டது. அந்த மனுஷர் பழக்கத்துக்காக ஒரு விலை சொல்லிவிட்டார். ஆனால் இது கிடக்கிற கிடையைப் பார்த்தால் யாராவது அந்த விலை கொடுப்பார்களா? பதினைந்து நாள் கழித்து வந்து நிதானமாகப் பார்த்தால், அட இதற்கா இவ்வளவு சொன்னோம் என்று மனசு மாறாதா? முகத்துக்காகச் சொன்ன விலை, முகம் மறந்ததும் இறங்கிவிடாதா? அவர் பாவம் பார்த்து நாக்கைத் தட்டிய இடங்களெல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு நான் அடுத்து என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் மலையில் பெரிய மனுஷர் யாராவது பார்வையிட வருகிறார் என்றால் ஒரே சட்டம்தான், பெயிண்ட் அடி. கம்பெனியிலிருந்து விசிட்டிங் ஏஜெண்ட் வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே ஃபேக்டரி ஜன்னலுக்குப் பச்சை, தண்ணீர்க் குழாய்க்கு வெள்ளி, சாலையோரக் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு. துருப்பிடித்த தகரம் ஒன்று அவர் கண்ணில் பட்டால் எங்கள் ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் என்னைத் தொலைத்துவிடுவார். வருகிறவர் கண்ணில் பழசு படக் கூடாது. அதைத்தான் அந்த இரண்டு வருடத்தில் நான் படித்த படிப்பு என்று சொல்ல வேண்டும்.

டீ மேக்கரைக் கெஞ்சி, ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் டின்னை வாங்கி வந்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

“எதுக்குல இதெல்லாம்? அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே.”

“உனக்குத் தெரியாதுக்கா. அவரு பழக்கத்துக்காகத்தான் இந்த வெல சொன்னாரு. சாமானும் வெலைக்குத் தக்கன இருக்கணும்லா.”

“அவரே பாத்துட்டுத்தான சொன்னாரு?”

“நான்தான அவர்கிட்டப் பேசுனேன். நீயா பேசுன?”

அவள் உள்ளே போய்விட்டாள். மலையாளம் எனக்குத்தான் தெரியும் என்று வீட்டில் பேர் வாங்கி வைத்திருந்தேன். அவள் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது.

காலை ஷிப்ட் முடிந்து தினமும் மத்தியானம் வந்துவிடுவேன். பெட்டியின் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் பச்சை அடித்தேன். கறுத்திருந்த பித்தளைத் தகட்டை எமரித் தாள் வைத்துத் தேய்த்தேன் பாருங்கள், முகம் பார்க்கலாம். அதிலிருந்த எழுத்து பாதி போய்விட்டதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. தேய்ந்த கைப்பிடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சைக்கிள் கைப்பிடி உறை இரண்டு வாங்கி மாட்டினேன். பென்னிக் காசு இனி யாரிடம் இருக்கும் என்று யோசித்து, துளையில் ஒரு தகரத்தைப் பற்றவைத்து, நம் பத்துப் பைசா போட்டால் பந்து விழுகிற மாதிரி மாற்றினேன். அது மட்டும் சரியாக அமைய மூன்று நாள் பிடித்தது. முதல் தடவை பத்துப் பைசாவுக்குப் பந்து உருண்டு வந்தபோது பிள்ளைகள் இரண்டும் கை தட்டின. அந்த மூன்று நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

பொம்மைகளுக்குச் சட்டை வர்ணம் சின்னவள் சொன்னபடி. ஒரு கட்சிக்கு மஞ்சள், ஒரு கட்சிக்குச் சிவப்பு. எல்லாம் அடித்து முடித்தபிறகு பார்த்தால் மூஞ்சி மட்டும் மொழுக்கென்று இருந்தது. ஆம்பிளை மூஞ்சி இப்படியா இருக்கும் என்று நினைத்து, தீக்குச்சி முனையைக் கறுப்பில் தோய்த்து எல்லோருக்கும் மீசை வைத்தேன். பழுப்பேறிய விதி அட்டையைக் கொதிநீர் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆபீஸ் க்ளார்க்கய்யாவிடம் சொல்லிப் புது வெள்ளைத் தாளில் டைப் அடித்து ஒட்டினேன். கடைசியாக ஒரு துணி போட்டு மூடினேன். வருகிறவர் முன்னால் துணியை எடுக்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். கட்டின மூட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். பிள்ளைகளுக்குத் தலை வாரி, பூ வைத்து, மடிப்புக் கலையாமல் உட்கார வைத்திருந்தாள். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் வளைவு வரைக்கும் ஓடுவேன். பால் வண்டி வந்தது. கொழுந்து லாரி வந்தது. மாட்டுப்பட்டி டேமைப் பார்க்க வந்த யாரோ வழி கேட்டார்கள். பத்து மணி, பதினொரு மணி. வர மாட்டாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க, நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, துணியைத் தூக்கிப் பார்த்து, காயாத மீசை ஒன்றைச் சரி செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது. வியாபாரியும் ஒரு டிரைவரும் இறங்கினார்கள். டிரைவர் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதிக்காரர், தமிழும் மலையாளமும் பேசுவார், அன்றுதான் முதல் தடவை எங்கள் பக்கம் வருகிறார். வந்ததும் வராததுமாக, “ஏனுங்க, இத்தனை வளைவா இருக்குதுங்க உங்க ரோடு” என்று சொல்லிக்கொண்டே முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். வியாபாரி கையில் ஒரு தோல் பை இருந்தது. அக்காவின் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை.

நான் துணியை எடுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். குனிந்து பொம்மைகளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். சைக்கிள் உறையை விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை நாக்கைத் தட்டவில்லை. நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அவர் நிமிர்ந்து, “ஆரா இது செய்தது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். அவர் முகத்தை அவள் என்னைவிட நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

“நான்தான்யா செய்யச் சொன்னேன். தம்பி வேண்டாம்னுதான் சொன்னான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல காரியத்துக்கு இவள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. வியாபாரி தலையை ஆட்டினார். “பழக்கமொக்கெ போயல்லோ” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

“பழக்கம் எங்க சார் போச்சு? நம்ம பழக்கம் அப்படியேதான் இருக்கு. அன்னைக்கு மேசை கழத்தும்போது எவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தோம், மறந்துட்டீங்களா?” என்றேன். மனதார, அக்கறையாகச் சொன்னேன்.

டிரைவர் சிரித்துவிட்டார். உடனே எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“தப்பா நினைக்காதீங்க. அவரு சொல்ற பழக்கம் நம்ம பழக்கமில்லீங்க. மலையாளத்துல பழக்கம்னா பழசுன்னு அர்த்தமுங்க. பொருளு எத்தனை வருசத்துது, எத்தனை பழசா இருக்குதுங்கிறதுதானுங்க. அந்தப் பழசு போயிருச்சுங்கிறாரு.”

அன்றைக்கு அவர் சொன்ன மூன்று வாக்கியமும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இது நல்ல பழசல்லவா, அந்தப் பழசுக்குத்தான் நான் விலை தருகிறேன், அதைப் போக்கிவிடாதே. எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் அவர் போக்கிவிடாதே என்றதை, எமரித் தாள் வைத்துப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து போக்கியிருக்கிறேன்.

அந்த மனுஷர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. படியில் உட்கார்ந்து, டிரைவரை இடையில் வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். இந்த மாதிரிப் பழைய ஆட்டப் பெட்டிகளைத் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்களாம். ஆட வாங்குவதில்லை, வைத்துக்கொள்ள வாங்குகிறார்கள். செய்தபோது அடித்த சாயம், அதில் விழுந்த கீறல், கூட வந்த அட்டை, செய்தவன் பேர் போட்ட தகடு, இவை எல்லாம் முதலில் இருந்தபடியே இருந்தால்தான் விலை. பெட்டி ஓடாமல் கிடந்தால்கூடப் பரவாயில்லையாம், ஓட வைத்துக்கொள்ளலாம். போன பழசைத் திரும்பக் கொண்டுவர ஒருவராலும் ஆகாது. இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா பேரன், பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கிறான். அட்டைப்பெட்டி இருக்கிறதா, உள்ளே புத்தகம் இருக்கிறதா, லேபிள் கிழியாமல் இருக்கிறதா, யாராவது பிரித்து நோண்டியிருக்கிறார்களா என்று ஃபோனில் அவன் விசாரிப்பதைக் கேட்டால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவனுக்குக் காரணம் தெரியாது.

அக்கா அவருக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். “வேற ஏதாவது வெலைக்கு ஆகுமாய்யா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, இதைக் கொண்டுபோய் யாரிடமும் காட்ட முடியாதம்மா என்று மெதுவாகச் சொன்னார். காப்பியைக் குடித்து முடித்தார். கிளப்பில் மிச்சமிருந்த இரண்டு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டார். தோல் பை போன வழியே திரும்பிப் போயிற்று. பிள்ளைகள் இரண்டும் பூ வாடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன.

வேன் போனதும் நான் அக்கா முன்னால் போய் நின்றேன். அடிப்பாள், திட்டுவாள், அத்தான் பேரைச் சொல்லி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏதாவது செய்ய மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. அவள் மூட்டையை அவிழ்த்து உலைப் பானையை வெளியே எடுத்தாள். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்றாள். அவ்வளவுதான் அவள் அன்றைக்குப் பேசியது.

மறுநாள் போடி வீடு வேறு யாருக்கோ போயிற்று. மாதக் கடைசியில் அக்காவும் பிள்ளைகளும் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் என் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். என்னோடு அறையில் இருந்தவன் தானாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டான். அக்கா கொழுந்து எடுக்கத் தற்காலிக ஆளாகப் பெயர் கொடுத்தாள். பெட்டியை டேம் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டார். சுற்றிப் பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள் பத்துப் பைசா போட்டு ஆடின. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். மூன்று நாள் பாடுபட்டு நான் வைத்த அந்தத் தகரம் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை என்று கடைக்காரர் எதிரில் பார்க்கும்போதெல்லாம் பாராட்டுவார்.

பதினொரு வருடம் அந்த அறையில் இருந்தோம். இரண்டு பெண்களும் அங்கிருந்துதான் படித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோது நடுவில் ஒரு பலகை அடித்துத் தடுத்துக்கொண்டோம். அந்தப் பதினொரு வருடத்தில், கோபத்தில்கூட, விளையாட்டுக்குக்கூட, அக்கா அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. சின்னவள் மட்டும் ஒரு தடவை மீசை வைத்ததைச் சொல்லிச் சிரித்தாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் போடிப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால், அந்தத் தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பாள். எனக்கு அந்த இடத்தில் உட்கார முடியாது.

மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின நாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் கேட்டபோது, ஏன் நீ செய்யச் சொன்னதாகச் சொன்னாய்? உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் முன்னாலேயே நான் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டிருப்பேனே, எனக்கும் மனசு ஆறியிருக்குமே.

அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“அவரு வண்டி ஏறிப் போயிருவாரு. நீ எங்கூட இருக்கணும்லா” என்றாள்.

அக்கா போன வருடம் தவறிப்போனாள். லயத்து அறை, அதற்குப் பிறகு மூணாறில் ஒரு வாடகை வீடு, கடைசியாகக் கோயம்புத்தூரில் மகள் குடியிருந்த வாடகை மாடி என்று, யாரோ ஒருவர் வந்து காலி பண்ணச் சொல்லக்கூடிய இடங்களிலேயே இருந்து முடித்தாள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. யாராவது எதையாவது சொல்லிவிட்டுப் ‘புரிந்ததா’ என்று கேட்டால், நன்றாகவே புரிந்திருந்தாலும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றுதான் இன்றைக்கும் என் வாயில் வருகிறது.